ஆன்டெனா கேபிள் வழியாக நுழையும் இரைச்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிற்றலை கேட்கப் புதிதாகத் தொடங்கியவர்களும், ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வாங்கி 7 மெகாஹெர்ட்சுக்கு முதல் கம்பியைக் கட்டியவர்களும் என்னிடம் கேட்பவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து இங்கே எழுதிவிட்டேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்கின்றன.

மொட்டை மாடியில் 20 மீட்டர் கம்பி கட்டிவிட்டேன். ஆனால் ரேடியோவோடு வந்த சின்னக் கம்பியில் கேட்டதைவிட இரைச்சல்தான் அதிகம். ஏன்?

கம்பி மாடியில் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து இறங்கும் கேபிள் எங்கெல்லாம் போகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். மாடிப்படி, மீட்டர் பலகை, இன்வெர்ட்டர், டிவி, பிறகு உங்கள் மேசை. வீட்டில் எங்கெல்லாம் மின் இரைச்சல் பிறக்கிறதோ அங்கெல்லாம் தலைகாட்டிவிட்டுத்தான் ரேடியோவுக்கு வருகிறது. நீங்கள் கட்டியது ஒரு ஆன்டெனா என்று நினைக்கிறீர்கள். உண்மையில் கட்டியது இரண்டு: மாடியில் ஒன்று, சுவரோடு ஒன்று.

பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோவுக்கு வீட்டு மின்கம்பிகளோடு எந்தத் தொடுப்பும் கிடையாது. கேபிளும் அடாப்டரும் செருகியவுடன் அந்தத் தொடுப்பு உண்டாகிவிடுகிறது. சின்னக் கம்பி அமைதியாக இருந்ததற்கு இதுவே காரணம்.

கோஆக்சியல் கேபிளுக்கு மேலே பின்னல் உறை இருக்கிறதே, அது இரைச்சலைத் தடுக்காதா?

உள்ளே போகும் சிக்னலை அது காக்கிறது. தன் வெளிப்பரப்பில் மின்னோட்டம் ஓடுவதை அதனால் தடுக்க முடியாது. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில் மட்டுமே ஓடும். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரம் செம்புக்குள் சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. 7 மெகாஹெர்ட்சில் அந்த ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான். ஆகவே பின்னல் உறையின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றையொன்று அறியாத இரண்டு தனிக் கம்பிகளைப் போல நடந்துகொள்கின்றன. நடுக்கம்பியையும் சேர்த்தால், உங்கள் கேபிளில் இருப்பது இரண்டு அல்ல, மூன்று கம்பிகள்.

மழை சுவரின் வெளிப்பக்கம் வழிந்துகொண்டே இருக்கலாம், உள்ளே ஈரம் தெரியாது. திறந்த சன்னல் ஒன்று கிடைத்தால்தான் தண்ணீர் உள்ளே வரும். கேபிளுக்கு அந்தச் சன்னல் அதன் முனை. ஆன்டெனாவோடு சேரும் இடத்தில் உறையின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் சந்திக்கின்றன. வெளியே ஓடிவந்த இரைச்சல் அங்கே திரும்பி, நல்ல சிக்னலைப் போல உள்ளே இறங்கிவிடுகிறது. இந்த வெளிப்பரப்பு மின்னோட்டத்தை ஆங்கில நூல்கள் ‘காமன் மோட்’ என்கின்றன.

இந்த இரைச்சல் எதிலிருந்து கிளம்புகிறது?

பெரும்பாலும் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் சுற்றுகளிலிருந்து. செல்போன் சார்ஜர், மலிவான எல்இடி பல்பு, பிஎல்டிசி மின்விசிறி, சூரிய மின் இன்வெர்ட்டர், லேப்டாப் அடாப்டர் எல்லாம் இந்தக் குடும்பம். இவை காற்றில் பரப்புவதைவிட வீட்டு மின்கம்பிகளில் ஏற்றிவிடுவதே அதிகம். அந்தக் கம்பிகளிலிருந்து ரேடியோவின் அடாப்டர் வழியாக உங்கள் கேபிளின் வெளித்தோலுக்கு வந்து, மாடி வரை ஏறி, மேலே சொன்ன சன்னல் வழியாக உள்ளே இறங்குகிறது. கீழிருந்து மேலே போய்த் திரும்பவும் கீழே வருகிறது என்றால் பலர் நம்புவதில்லை. ஆனால் நடப்பது அதுதான்.

குற்றம் கேபிளிலா ஆன்டெனாவிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஆன்டெனாச் செருகியை ரேடியோவிலிருந்து கழற்றுங்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் அது அடாப்டர் வழியாகவோ ரேடியோவுக்குள்ளிருந்தோ வருகிறது. பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அடங்கிவிட்டால் அடுத்த படி: மாடிக்குப் போய் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேபிளின் நடுக்கம்பிக்கும் உறைக்கும் இடையே 50 ஓம் மின்தடை ஒன்றை வையுங்கள். இப்போது ரேடியோவில் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால், கேபிள் இணைப்புகளில் ஒழுகல் இருக்கிறது.

அமைதியாக இருந்தால் கேபிளை உடனே விடுதலை செய்துவிடாதீர்கள். மின்தடை வைத்தபோது சன்னலையும் நீங்களே சாத்திவிட்டீர்கள். வெளிப்பரப்பு மின்னோட்டம் இன்னும் அங்கேதான் இருக்கலாம். அதைப் பிடிக்க, கீழே சொல்லப்போகும் சோக் ஒன்றை ஆன்டெனா முனையில் தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்பதே வழி. இரைச்சல் இறங்கினால் குற்றவாளி கேபிள்தான்.

மின்வெட்டு நேரம் கிடைத்தால் விடாதீர்கள். தெரு முழுவதும் அணைந்திருக்கும்போது பேட்டரி ரேடியோவில் கேட்கும் அமைதியே உங்கள் இடத்தின் உண்மையான நிலை. ஆனால் வீட்டு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். நான் முதல் முறை அதை மறந்து, மின்வெட்டில் இரைச்சல் கூடியதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் குழம்பிக் கிடந்தேன்.

நான்கடுக்கு உறை போட்ட விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. நான்கு அடுக்கு போட்டாலும் கடைசி அடுக்குக்கு வெளிப்பக்கம் ஒன்று உண்டு அல்லவா? மின்னோட்டம் அங்கேதான் ஓடுகிறது. இருக்கும் கேபிளில் பின்னல் மிகவும் சல்லடையாக இருந்தாலோ, செருகியில் பற்றவைப்பு விட்டிருந்தாலோ, மழைநீர் இறங்கிப் பின்னல் கறுத்திருந்தாலோ மட்டும் மாற்றுங்கள். அந்தப் பணத்தில் இரண்டு ஃபெரைட் வளையம் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருள், பயன்படுத்தும் முறை கீழே) வாங்கினால் பலன் பல மடங்கு.

என்னிடம் டிவி கேபிள்தான் இருக்கிறது. 75 ஓம் கேபிளை 50 ஓம் ரேடியோவில் செருகலாமா?

கேட்பதற்கு மட்டும் என்றால் தாராளமாகச் செருகலாம். இந்தப் பொருத்தமின்மையால் திரும்பிப் போவது சிக்னலில் 4 சதவீதம், காதுக்குத் தெரியாது. டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 வகைக் கேபிளின் ஒரே தொல்லை, அது விறைப்பாக இருப்பது. வளையத்தில் சுற்றும்போது தெரியும்.

டிஷ்ஷுக்கும் அதே கேபிள்தானே? அதில் ஏன் இரைச்சல் வருவதில்லை?

டிஷ்ஷின் முகத்திலிருக்கும் எல்என்பி என்ற சிறு கருவி சிக்னலை அங்கேயே பெருக்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளாக மாற்றித்தான் கேபிளில் இறக்குகிறது. சிக்னல் வலுவானது. சார்ஜர் இரைச்சலும் அவ்வளவு உயரத்துக்கு எட்டுவதில்லை. நம் சிக்கல் எல்லாம் மத்திய அலையிலும் சிற்றலையிலும்தான்.

சோக் என்கிறீர்களே, ட்யூப்லைட்டில் இருக்குமே அதுவா?

வேலை ஒன்றுதான்: மின்னோட்டத்தின் தொண்டையைப் பிடிப்பது. பொருள் வேறு. இங்கே சோக் என்பது, கேபிளையே ஃபெரைட் வளையத்துக்குள் விட்டு விட்டுச் சுற்றுவது. கேபிளை வெட்ட வேண்டியதுகூட இல்லை.

கேபிளுக்குள் போகும் நல்ல சிக்னலும் நெரிபடாதா என்று உடனே கேட்பீர்கள். படாது. உள்ளே நடுக்கம்பியிலும் உறையின் உட்பக்கத்திலும் மின்னோட்டம் சம அளவில் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அப்படி ஒரு கேபிள் தனக்குள் நுழைந்திருப்பதே ஃபெரைட்டுக்குத் தெரியாது. வெளித்தோலில் ஓடும் மின்னோட்டத்துக்கு எதிர்த்திசைத் துணை இல்லை. அது மட்டும் மாட்டிக்கொள்கிறது. இப்படிச் சுற்றிய கேபிள்களை வைத்துச் சமச்சீர் ஆன்டெனாவையும் சமச்சீரற்ற கேபிளையும் சேர்க்கும் முறையைச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் குஸ்தாவ் குவானெல்லா 1944-ல் எழுதினார். இன்று ‘1:1 கரண்ட் பேலன்’ என்று பெட்டி போட்டு விற்பது இதைத்தான்.

எந்த வளையம் வாங்குவது? எத்தனை சுற்று?

1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை என்றால் ‘மிக்ஸ் 31’ என்னும் ஃபெரைட் கலவை. அளவு 2.4 அங்குலம், அதாவது 61 மில்லிமீட்டர் வெளிவிட்டம். கடையில் எஃப்டி240-31 என்று கேளுங்கள். மிக்ஸ் 43 கிடைத்தாலும் பரவாயில்லை, சிற்றலையின் மேல்பகுதியில் அது நன்றாகவே உழைக்கும். மிக்ஸ் 61 விஎச்எஃப் (30 மெகாஹெர்ட்சுக்கு மேல்) வேலைக்கானது, நமக்கு வேண்டாம்.

சுற்று என்றால் கேபிள் வளையத்தின் நடுத்துளை வழியாக எத்தனை முறை போகிறது என்பது. தடை சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும். ஒரு முறை நுழைந்தால் 40 ஓம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 5 முறைக்கு 200 அல்ல, 1000. ஆகவே ஐந்து வளையங்களைக் கேபிளில் மாலை போல் கோப்பதைவிட, ஒரே வளையத்தில் ஐந்து முறை நுழைப்பது ஐந்து மடங்கு மேல். கோர்க்கும் முறைக்கும் மரியாதையான வரலாறு உண்டு. அமெரிக்க ஹாம் வால்டர் மேக்ஸ்வெல் 1983-ல் 50 ஃபெரைட் மணிகளை மெல்லிய கேபிளில் கோத்த பேலனை வெளியிட்டார். அதில் எண்ணிக்கை ஐம்பது என்பதைக் கவனியுங்கள். டிவி கேபிளில் ஒற்றை மணியை மாட்டிவிட்டு ‘ஃபெரைட் போட்டும் பயனில்லை’ என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சுற்றுக்கும் எல்லை உண்டு. அளவு மீறினால் சுற்றுகளுக்கு இடையேயான மின்தேக்கம் குறுக்குவழி கொடுத்து, உயர் அதிர்வெண்ணில் தடை சரிந்துவிடும். 7 மெகாஹெர்ட்சைச் சுற்றி வேலை என்றால் ஆர்ஜி-58 என்னும் 50 ஓம் கேபிளில் 12 சுற்று நல்ல தொடக்கம். அலைபரப்பில் குறைந்தது 1000 ஓம் வேண்டும். இரைச்சல் ஒழிக்க 5000 ஓம் அளவுக்குக் குறி வையுங்கள். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் போன்ற மத்திய அலைக்கு இதே சுற்றுகள் போதாது. இரண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஆர்ஜி-174 போன்ற மெல்லிய கேபிளில் கூடுதலாகச் சுற்றுங்கள். கேட்பதற்கு அந்த மெல்லிய கேபிள் போதும்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய எஸ்எம்பிஎஸ் (கணினி மின்வழங்கிப் பெட்டி) கிலோக் கணக்கில் கிடைக்கிறதே, அதிலுள்ள வளையங்கள் ஆகாதா?

மஞ்சளும் வெள்ளையுமாகப் பூசிய வளையம் ஆகவே ஆகாது. அது ஃபெரைட்டே அல்ல, இரும்புத் தூள். காந்த உட்புகுதிறன் 75 அளவுக்கே வரும், மிக்ஸ் 31-க்கு அது 1500. என் முதல் சோக் அந்த மஞ்சள் வளையத்தில்தான் பிறந்தது. பதினைந்து சுற்று சுற்றி, டேப் ஒட்டி, மாடியில் கட்டி, கீழே வந்து கேட்டால் இம்மியும் மாறவில்லை. சோக் என்பதே கட்டுக்கதை என்று ஆறு மாதம் சொல்லித் திரிந்தேன்.

அதே பலகையில் மின்சாரம் நுழையும் இடத்தில் இரட்டைச் சுருளோடு ஒரு வளையம் இருக்கும். அது பெரும்பாலும் உட்புகுதிறன் மிக அதிகமான ஃபெரைட். மத்திய அலைக்கு உதவும், சிற்றலையின் மேலே போகப் போகத் தளர்ந்துவிடும். பழைய மானிட்டர் கேபிளில் இருந்த உருளைகளின் கலவை என்னவென்று யாருக்கும் தெரியாது. சும்மா கிடைத்தால் சோதித்துப் பாருங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

ஃபெரைட் இல்லாமல் கேபிளையே பிவிசி குழாயில் சுருட்டி வைத்தால்?

வேலை செய்யும், ஒரு குறுகிய அதிர்வெண் பட்டைக்குள். அந்தச் சுருளின் தடை பெரும்பாலும் தூண்டல் வகை. கேபிளின் வெளித்தோல் தன் நீளத்தைப் பொறுத்து மின்தேக்க வகையாக நடந்துகொண்டால், இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மின்னோட்டம் முன்பைவிடக் கூடவும் செய்யலாம். நல்ல ஃபெரைட் சோக் மின்தடையைப் போல நடந்து இரைச்சலை வெப்பமாகத் தின்றுவிடும், கழிபடாது. ஒரே பட்டையில் பேசுபவர் சுருளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊர் ஊராகத் தேடிக் கேட்பவருக்கு அது போதாது.

சோக்கை ரேடியோ பக்கம் வைப்பதா, ஆன்டெனா பக்கமா?

ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆன்டெனா பக்கம், சன்னலின் வாசலில். இரண்டாவது கிடைத்தால் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில். முதலாவது, வெளித்தோலில் எது வந்தாலும் உள்ளே திரும்ப விடாது. இரண்டாவது, வீட்டு இரைச்சலைக் கேபிளில் ஏறவே விடாது.

கேபிள் போகும் பாதையும் முக்கியம். இருமுனைக் கம்பி (நடுவில் கேபிள் சேர, இருபுறமும் ஒவ்வொரு கை நீளும் ஆன்டெனா) என்றால் கேபிள் நடுவிலிருந்து செங்குத்தாக இறங்க வேண்டும். ஒரு கைக்கு இணையாக மாடிச் சுவரோடு ஓடவிட்டால், அந்தக் கை கேபிளின் வெளித்தோலில் தானே மின்னோட்டத்தைத் தூண்டும்.

எர்த் கொடுத்தால் இரைச்சல் மண்ணுக்குப் போய்விடும் என்கிறார்களே?

தரைத்தளத்தில், கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் அதன் உறையை ஒரு எர்த் கம்பியில் சேர்த்து, அதற்கும் வீட்டுக்கும் நடுவே சோக் வைத்தால் அருமையாக வேலை செய்யும். சோக் ஒருபுறம் தடுக்கிறது, எர்த் மறுபுறம் எளிய வழி கொடுக்கிறது. எர்த் மட்டும் தனியாக அவ்வளவு செய்யாது.

மூன்றாம் மாடியில் கதை வேறு. அங்கிருந்து தரைக்கு 10 மீட்டர் கம்பி விட்டால், 7.5 மெகாஹெர்ட்சுக்கு அது கால் அலை நீளம். கீழ்முனை மண்ணைத் தொடுவதால் மேல்முனையில் தடை மிக உயர்ந்து நிற்கும். மீட்டரில் பார்த்தால் எர்த் இருக்கிறது, சிற்றலைக்கு இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கம்பியே இன்னொரு ஆன்டெனா. அடுக்குமாடியில் இருப்பவர்கள் சோக்கை நம்புங்கள்.

இரைச்சலுக்காகப் பிளக்கின் எர்த் முனையை உடைப்பது, சமையல் எரிவாயுக் குழாயில் கம்பி கட்டுவது போன்ற வேலைகள் வேண்டாம். புதிதாக எர்த் கம்பி அடித்தால் அதை வீட்டு எர்த்தோடு முறையாக இணைக்க வேண்டும், அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சித்திரை, வைகாசி இடியிலும் ஐப்பசி மழையிலும் கேபிளை வீட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிடுவது என் வழக்கம். எந்த எர்த்தும் இதற்கு ஈடில்லை.

நீளக் கம்பியின் தடையை ஒன்பதில் ஒன்றாகக் குறைக்கும் 9:1 பெட்டி வாங்கி மாட்டினேன். இரைச்சல் அப்படியே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆன்டெனாப் பக்கத்துத் தரை (கிரவுண்டு) முனையும் கேபிள் உறையும் ஒரே கம்பியாக இருந்தால், அது தடை மாற்றும் வேலையை மட்டும் செய்கிறது. வெளித்தோலுக்கு வழி திறந்தே கிடக்கிறது.

வேண்டியது, ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள்கள். மிக்ஸ் 73-ல் செய்த இரட்டைத் துளை ஃபெரைட், பிஎன்-73-202 என்பது, கேட்பதற்குப் போதும். கேபிள் பக்கம் 2 சுற்று, ஆன்டெனாப் பக்கம் 6 சுற்று. மூன்று மடங்கின் வர்க்கம் ஒன்பது. ஆன்டெனாச் சுருளின் ஒரு முனை கம்பிக்கு, மறுமுனை மாடியிலேயே கிடக்கும் தனி எதிர்க்கம்பிக்கு (திரும்பும் மின்னோட்டத்துக்கு இடம் தரும் கம்பி). அதைக் கேபிள் உறையோடு மறந்தும் சேர்க்காதீர்கள். சுருள்களுக்கு இடையேயான சிறிய மின்தேக்கம் கொஞ்சம் கசியவிடும் என்பதால், அடுத்தாற்போல் ஒரு சோக்கும் இருக்கட்டும்.

முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பி வைத்திருக்கிறேன். சோக் போட்டதும் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாப் பொருத்தமின்மையின் அளவு) எகிறிவிட்டது. சோக் கெட்டதா?

சோக் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சான்று. இந்த வகை ஆன்டெனாவில் திரும்பும் மின்னோட்டத்துக்கு ஒரு இடம் வேண்டும். எதிர்க்கம்பி இல்லாததால் இவ்வளவு நாள் உங்கள் கேபிளின் வெளித்தோல்தான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. சோக் அதைப் பறித்துவிட்டது.

பெட்டியின் தரை முனையில் எதிர்க்கம்பியாக அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, 7 மெகாஹெர்ட்சுக்கு சுமார் 2 மீட்டர், கட்டிவிட்டு சோக்கை அங்கேயே வையுங்கள். அல்லது எதிர்க்கம்பி இல்லாமல் சோக்கை மட்டும் கேபிளில் 2 மீட்டர் கீழே தள்ளுங்கள். அந்த 2 மீட்டர்க் கேபிள் ஆன்டெனாவின் பகுதி என்று மனத்தில் வைத்துக்கொண்டு, அதை மின்கம்பிகளிடமிருந்து விலக்கி வைத்தால் போதும்.

கோஆக்ஸை விட்டுவிட்டு, பழைய டிவி ஆன்டெனாவின் தட்டைக் கம்பியைப் பயன்படுத்தினால்?

ரூபவாஹினி பார்க்க மாடி மாடியாக ஆன்டெனா உயர்ந்த காலத்துத் தட்டைக் கம்பி, 300 ஓம். இரண்டு கம்பிகளும் இரைச்சலைச் சமமாகப் பெற்று முனையில் கழித்துக்கொள்ளும் என்பது கொள்கை. இரு முனையும் உண்மையிலேயே சமச்சீராக இருந்தால் மட்டுமே அது நடக்கும். ரேடியோவின் ஒரு முனை தரையாக இருப்பதால் அங்கே பேலன் இல்லாமல் செருகினால் சமநிலை போயிற்று. சுவரை ஒட்டியோ கம்பி வலையை ஒட்டியோ ஓடினாலும் போயிற்று. கோஆக்சும் சோக்கும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

லேப்டாப்பில் எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் மென்பொருள் ரேடியோ) வைத்துக் கேட்கிறேன். சோக் போட்டும் திரையில் வரிவரியாகக் கோடுகள்.

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். கோடுகள் மறைந்தால் அடாப்டர் இரைச்சல் யுஎஸ்பி வழியாக டாங்கிளுக்கு வந்து கேபிள் உறையில் ஏறுகிறது. டாங்கிளை நேராகச் செருகாமல் ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வைத்து, அதையும் வளையத்தில் சுற்றுங்கள். லேன் கம்பி, எச்டிஎம்ஐ கம்பி எது தொட்டுக்கொண்டிருந்தாலும் அதற்கும் அதே சிகிச்சை.

இரைச்சல் குறைந்தது. ஆனால் நிலையங்களும் சேர்ந்து மெலிந்துவிட்டன. சோக் சிக்னலைத் தின்கிறதா?

இல்லை. முன்பு அந்த நிலையங்களில் பாதியை உங்கள் கேபிள் கேட்டுக்கொண்டிருந்தது. மீட்டர் முள்ளின் உயரத்தைப் பார்க்காதீர்கள், நிலையத்துக்கும் இரைச்சலுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். என் வீட்டில் 7 மெகாஹெர்ட்சில் இரவு இரைச்சல் மீட்டரின் எஸ் அளவில் எஸ்7-லிருந்து எஸ்4-க்கு இறங்கியது, வழக்கமான நிலையம் எஸ்9-லிருந்து எஸ்8-க்கு. ஒரு எஸ் அளவு 6 டெசிபெல். நிலையம் 6 இழந்தது, இரைச்சல் 18 இழந்தது, எனக்கு 12 டெசிபெல் லாபம்.

இரண்டும் ஒரே அளவில் இறங்கினால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போது மாடிக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மேலே 9:1 பெட்டிக் கேள்வியில் சொன்ன எதிர்க்கம்பி இல்லை.

எல்லாம் செய்துவிட்டேன். இரண்டு சோக், தனிச் சுருள், பேட்டரி. இன்னும் இரைச்சல் இருக்கிறது.

அப்படியானால் இப்போது கேட்பது ஆன்டெனாவே பிடிக்கும் இரைச்சல். கேபிளில் இனி செய்ய ஒன்றுமில்லை. கையடக்க ரேடியோவை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு மாடியில் நடங்கள். அதற்குள் இருக்கும் ஃபெரைட் கம்பி எந்தத் திசைக்கு நேராக நீட்டப்படும்போது இரைச்சல் அடங்குகிறதோ, மூலம் அந்தத் திசையிலோ அதற்கு நேர் எதிரிலோ இருக்கிறது. இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால் கோடுகள் வெட்டிக்கொள்ளும். என் மாடியில் அவை வெட்டிக்கொண்டது பக்கத்து வீட்டு வாசல் விளக்கில். ஒரு புது எல்இடி பல்பு வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.